உத்தரவை மறுத்த சிப்பாய்

நாட்டுப்பற்று பொங்கித்தான் மாநிலக் காவல்படையில் சேர்ந்தேன் என்று நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் என்னைச் சேர்த்துவிட்டது கெளுத்தி மீன். ஆள் எடுக்க வந்த அதிகாரி எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பெரிய எண்ணெய்ச் சட்டி வைத்து, வருகிறவனுக்கெல்லாம் மீன் வறுத்துக் கொடுத்தார். இரண்டாவது தட்டுக்கு வரிசையில் நின்றபோது கையில் ஒரு படிவம் வந்தது. எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

என் பெயர் வெர்ஜில் ஃப்ரூஷே. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் தென்கோடியில், ஆறும் சதுப்பும் யார் பெரியவர் என்று இன்னும் முடிவு செய்துகொள்ளாத ஒரு சின்ன ஊர். அன்று சேர்ந்த பதினாலு பேரையும் பட்டாளக் கட்டடத்துக்கு ஏற்றிப்போனது எங்கள் பள்ளிப் பேருந்துதான். ஓட்டியவர் ஓராலி காஸ்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஓராலி அக்கா. ஆறு வயதிலிருந்து அவர் வண்டியில் போனவன் நான். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாரென்றால் கடைசி சீட்டில் சண்டை நிற்கும்.

சத்தியப் பிரமாணத்துக்குக் கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன்.

"தம்பி, அந்தக் கை இல்ல" என்றார் கேப்டன்.

என் ராணுவ வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது. அந்தப் பிரமாணத்தில் இரண்டு பாதி. அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்பது முதல் பாதி. ஜனாதிபதியும் ஆளுநரும் மேலதிகாரிகளும் சொல்கிற உத்தரவுக்குக் கீழ்ப்படிவேன் என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவை ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் நாள் ஒன்று வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. மிச்ச மீனை மூடி வைத்திருப்பார்களா என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

அதன் பிறகு பதினெட்டு வருடம். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம். போர் எதையும் பார்க்கவில்லை. லாரிகளுக்கு எண்ணெய் மாற்றினேன், ஜெனரேட்டர் பழுது பார்த்தேன். சுட்டதெல்லாம் அட்டை மனிதர்களை. அவர்களில் பெரும்பாலோர் உயிர் தப்பினார்கள். ஆள் நகராமல் ஒரே இடத்தில் இருந்தால் தானாகவே வருகிற பதவி உயர்வில் சார்ஜென்ட் ஆனேன்.

சோறு போட்டது ஏசி மெக்கானிக் வேலை. எங்கள் ஊர் வெயிலுக்கு ஏசி இல்லாத வீடு கிடையாது, நான் ஏறாத பரணும் கிடையாது. டாக்டருக்கு ஊர்க்காரர்களின் உடம்பு தெரிகிற மாதிரி எனக்கு அவர்களுடைய அலமாரிகள் தெரியும். எவர் எங்கே பாட்டிலை ஒளித்திருக்கிறார், எவர் துப்பாக்கியை எந்த மூலையில் சாத்தியிருக்கிறார் எல்லாம் அத்துப்படி. இதை நான் ஒரு திறமையாக ஒருபோதும் நினைத்ததில்லை. நினைத்தவன் லானி பிஷப்.

லானி எங்கள் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் கீழே வேலை பார்த்த போலீஸ்காரன். அந்தப் பதினெட்டாவது வருடம் வந்த பெரிய புயலில் கரை உடைந்து ஊருக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து நின்ற ஐந்தாவது நாள் காலையில், தேவாலய வாசலுக்குப் படகில் வந்தான். நாங்கள் பத்துப் பேர் அங்கே தண்ணீர் பாட்டில்களை இறக்கிக்கொண்டிருந்தோம். ஊரில் முக்கால்வாசிப் பேர் வடக்கே போய்விட்டார்கள். என் மனைவி ஆர்லீன் அவள் அக்கா வீட்டில் இருந்தாள். யாரோ படகுகளைத் திருடுகிறார்கள், யாரோ யாரையோ சுட்டுவிட்டார்கள் என்று பேச்சு. இனி போலீஸையும் பட்டாளத்தையும் தவிர எவர் கையிலும் துப்பாக்கி இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் வாங்கிவிடப் போகிறோம் என்று ஷெரீஃப் ரேடியோவில் சொல்லியிருந்தார்.

"அதுக்குத்தான் வந்தேன். உங்க ஆளுங்களைக் குடுங்க" என்றான் லானி.

எங்கள் லெப்டினன்ட் ஹோல்கம் என்ற பெண். இருபத்தாறு வயது. சீருடை போடாத நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"உத்தரவு எழுத்துல இருக்கா?" என்று கேட்டார்.

"போன் இல்ல, கரண்ட் இல்ல, பிரிண்டர் தண்ணிக்குள்ள கெடக்கு. நான் சொல்றதுதான் எழுத்து."

"ஆளுநர் உத்தரவா, ஷெரீஃப் உத்தரவா?"

"மேடம், ஊரே முழுகிக் கெடக்கு. நீங்க கணக்கு டீச்சர் மாதிரி கேள்வி கேட்டுட்டு நிக்கிறீங்க."

"நான் கணக்கு டீச்சர்தான்" என்றார் அவர்.

தலைமையிடம் போய் நேரில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி இன்னொரு படகில் கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்: "சார்ஜென்ட், நான் வர்ற வரைக்கும் நம்ம ஆளுங்க யாரும் எந்த வீட்டுக்குள்ளயும் போகக்கூடாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

புரிந்தது. அதில் சந்தேகமே இல்லை. அவருடைய படகு திருப்பத்தில் மறைந்ததும் லானி என் தோளில் கை போட்டான்.

"வெர்ஜில், உனக்குத் தெரியாத வீடு இந்த ஊர்ல ஏது? நான் போனா ஒவ்வொரு வீட்டையும் கொட்டிக் கவுக்கணும். நீ வந்தா நேராப் போய் எடுத்துட்டு வந்துடலாம். யாருக்கும் தொந்தரவு இல்ல. நீதாம்ப்பா முக்கியமான ஆளு."

பதினெட்டு வருடத்தில் என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஸ்பானர்தான். முக்கியமான ஆள் என்றதும் என் கால் தானாகப் படகில் ஏறிவிட்டது. இரண்டு சிப்பாய்கள், சார்ஜென்ட் போகிறாரே என்று பின்னால் ஏறினார்கள். மேலதிகாரி சொன்னதையும் மீறினேன், துப்பாக்கி வைத்திருப்பது மக்களின் உரிமை என்கிற சாசனத்தையும் மறந்தேன். பிரமாணத்தின் இரண்டு பாதியையும் ஒரே காலையில் உடைக்க முடியும் என்று நான் காட்டினேன்.

ஒன்பது வீடுகள். ஆறில் ஆள் இல்லை. கதவை நெம்பித் திறந்து, பரணுக்கோ அலமாரிக்கோ நேராகப் போய், எடுத்துக்கொண்டு வந்தேன். நாலாவது வீடு ஓராலி அக்காவுடையது.

அவர் வீடு மேட்டில் இருந்ததால் தண்ணீர் படிக்கட்டோடு நின்றிருந்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் விட்டுப்போன ஏழு நாய்கள் வாசலில் படுத்துக் கிடந்தன. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கேஸ் அடுப்பில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாடா வெர்ஜில். தண்ணி கொண்டாந்தியா?"

"இல்லக்கா. துப்பாக்கி எல்லாத்தையும் வாங்கச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"ஷெரீஃப்."

"முந்தாநாள் எவனோ ரெண்டு பேர் படகுல வந்து ஜெனரேட்டரைக் கழட்டப் பாத்தானுங்க. அப்ப உன் ஷெரீஃப் எங்க இருந்தாரு?"

"படகு பத்தலக்கா."

"இப்ப மட்டும் படகு கெடச்சுதாக்கும்?"

லானி படகிலிருந்து குரல் கொடுத்தான். "அம்மா, எங்க வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, கெளம்பணும்."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், பேருந்துக் கண்ணாடியில் பார்க்கும் அதே பார்வை. "என்னை எதுக்குக் கேக்குறான்? போன ஜூன்ல ஏசிக்கு டக்ட் குழாய் மாட்ட வந்தவன் நீதானே. எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமே. போய் எடுத்துக்கோ."

அப்போதாவது திரும்பியிருக்கலாம். உள்ளே போனேன். வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால், சுவரோரம், அவருடைய கணவர் வைத்துவிட்டுப்போன இரட்டைக் குழல் துப்பாக்கி. எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கினேன். நாய்கள்கூடக் குரைக்கவில்லை. அவற்றுக்கு என்னைத் தெரியும்.

மதியம் நாங்கள் திரும்பும்போது லெப்டினன்ட் ஹோல்கம் தேவாலயத் தெருவின் நடுவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகை மறித்தார்.

"சார்ஜென்ட், படகுல என்ன?"

"சாமான் மேடம்" என்றேன். முப்பத்தேழு வயது ஆண்பிள்ளையின் பதில் அது.

தலைமையிடத்தில் அப்படி ஒரு உத்தரவே இல்லையாம். நோயாளிகளைத் தூக்கவும் தண்ணீர் கொடுக்கவும்தான் எங்களை அனுப்பியிருந்தார்களாம். துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். லானி முடியாது என்றான். ஷெரீஃபிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றான்.

"பேசுறேன். ஆனா என் ஆளுங்க இனிமே எவர் வீட்டுப் படியாவது ஏறினா, தண்ணி பாட்டிலோடதான் ஏறுவாங்க. இறங்குங்க சார்ஜென்ட்."

இறங்கினேன். லானி துப்பாக்கிகளோடு போய்விட்டான். அன்று சாயங்காலம் நான் அவரிடம், "நாம கீழ்ப்படியறதாச் சத்தியம் பண்ணியிருக்கோமே மேடம்" என்று முணுமுணுத்தேன்.

"நாம சொன்ன பிரமாணத்துல ஷெரீஃப் பேரே கிடையாது சார்ஜென்ட். முதல்ல சாசனம், அப்புறந்தான் மத்தவங்க. அப்படிப் பாத்தாலும் நீங்க கீழ்ப்படிய வேண்டியது எனக்கு."

ஷெரீஃப் ஹோல்கமைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதினார். ஹோல்கமுக்குப் பதவி உயர்வு நின்றது. இரண்டு வருடத்தில் படையை விட்டு விலகி முழுநேர டீச்சராகிவிட்டார். எனக்குப் புயல் நிவாரணப் பணிக்காக ஒரு பதக்கம் கொடுத்தார்கள்.

போன் திரும்ப வேலை செய்த அன்றே ஆர்லீனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அதோடு உண்மை பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஆரம்பத்தில் நான் பொய் சொல்லவில்லை. காப்பிக் கடையில் ஒருவர், "துப்பாக்கி பிடுங்கற வேலையை உங்க படை மறுத்துட்டதாமே?" என்று கேட்டார். "ஆமா, நாங்க மறுத்துட்டோம்" என்றேன். சரிதானே. சில மாதம் கழித்து இன்னொருவர் கேட்டபோது "நாங்கள்" கொஞ்சம் தேய்ந்து "நான்" ஆகிவிட்டது. அடுத்த வருடம் அந்த நானுக்கு வசனம் முளைத்தது. அதற்கும் அடுத்த வருடம் ஒரு வயதான அம்மாவுக்கு சல்யூட் அடித்துவிட்டு நான் திரும்பி நடப்பதாக ஒரு காட்சி. சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கும்.

என்னை மறுத்துப் பேச ஆள் இல்லை. அன்று வீட்டில் இருந்த மூன்று பேரில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் டெக்ஸாஸ் போனவர் திரும்பவில்லை, ஓராலி அக்கா மகளோடு வடக்கே இருந்தார். லானி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டான். என் பின்னால் படகில் ஏறிய இரண்டு சிப்பாய்களுக்கும் அதைப் பேச ஆசையில்லை. வீடு பூட்டிக் கிடந்த ஆறு பேரும் தங்கள் துப்பாக்கியைத் திருடன் கொண்டுபோனதாக நினைத்துக்கொண்டார்கள்.

தூண்டில் புழுக் கடை வைத்திருந்த ராண்டல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். பெயர் 'உயர்த்திய கை'. பழைய சிப்பாய்களும் போலீஸ்காரர்களுமாக முப்பது பேர். அவசரநிலை என்று சொல்லி மக்களின் ஆயுதத்தைப் பறிக்கும் உத்தரவு எவர் கொடுத்தாலும் செய்ய மாட்டோம் என்று புழுத் தொட்டிகளுக்கு நடுவே நின்று கை தூக்கினோம். நான் சரியான கையைத் தூக்கினேன். ராண்டல் நல்ல மனிதர், சொல்வதை நம்பிச் சொல்கிறவர். "நம்ம ஊர்லயே ஒருத்தர் செஞ்சு காட்டியிருக்காரு" என்று என்னைக் காட்டுவார். எனக்குச் சங்கத்தின் பெயரை நூலில் தைத்த தொப்பி ஒன்று கொடுத்தார்கள்.

"தொப்பி நல்லாருக்கு" என்றாள் ஆர்லீன். "உள்ள தலை எப்படி இருக்கு?"

நாலாவது வருடம் ஜூலையில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பெரிய கூட்டம். நூற்றிருபது பேர். இரண்டு அண்டா ஜம்பலாயாச் சோறு. மேடைக்கு மேலே துணியில் கொட்டை எழுத்தில்: உத்தரவை மறுத்த சிப்பாய். மைக்கைப் பிடித்தேன். தொண்டையைச் செருமினேன். இரண்டாவது வரிசையில், மடியில் கைப்பையோடு, வடக்கேயிருந்து ஊர் திரும்பிவிட்ட ஓராலி அக்கா உட்கார்ந்திருந்தார்.

அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே தந்திரம், பேச்சைச் சுற்றிக்கொண்டு போவது. மழை எவ்வளவு பெய்தது என்று சொன்னேன். கரை எங்கே உடைந்தது என்று சொன்னேன். கொசுவைப் பற்றிச் சொன்னேன். ஓரத்தில் நின்ற ராண்டலுக்குப் பொறுக்கவில்லை. "அந்தம்மா கதையைச் சொல்லுப்பா!" என்று கையை ஆட்டினார்.

அக்கா கையைத் தூக்கினார்.

"கேள்வி நேரம் கடைசியிலம்மா" என்றார் ராண்டல்.

"ரொம்பச் சின்னக் கேள்விதான். ஏண்டா வெர்ஜில், சாசனம், அரசாங்கம், அதெல்லாம் எனக்கு அவ்வளவா வெளங்காது. என் துப்பாக்கி எங்கடா?"

ராண்டல் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அம்மா, அதைப் போலீஸ்ல கேக்கணும்."

"எடுத்துட்டுப் போனவன் மைக் பிடிச்சு நிக்கிறான். வேற யாரைப் போய்க் கேக்கச் சொல்ற?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வாய் திறந்தும் இருந்தது. ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் ஆறு வயதிலும் நான் பொய் சொன்னதில்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். மைக் அதை வேண்டியதைவிடச் சத்தமாகச் சொன்னது. "மறுத்தது நான் இல்ல. லெப்டினன்ட் ஹோல்கம்னு ஒரு டீச்சர். அவங்க போகாதேன்னு சொல்லியும் போனேன். ஒன்பது வீடு."

பின்னால் ஒருவர் எழுந்தார். "ஒன்பது வீடா? எங்க மாமா ரைபிளு... சிவப்பு அலமாரி?"

"ஆமா. நான்தான்."

"நாலு வருஷமாத் திருடன்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி திட்டிட்டிருந்தேனேய்யா!"

"திட்டு வந்து சேர்ந்துடுச்சுங்க" என்றேன்.

இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். கடைசியாக, என் பக்கத்திலேயே நின்ற ராண்டல் மெதுவாக என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"வெர்ஜில், பரண்ல... டக்டுக்குப் பக்கத்துல... நீல டப்பா?"

நான் தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஷெரீஃப் அலுவலகம் போனேன். ஷெரீஃப் மாறியிருந்தார். சட்டமும் மாறியிருந்தது, பறித்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அது தன்னுடையது என்று காட்டக் காகிதம் வேண்டும். அக்காவின் கணவர் எப்போதோ வாங்கிய துப்பாக்கிக்குக் காகிதமே கிடையாது. எடுத்ததைக் கண்ணால் பார்த்தவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள் அங்கிருந்த பெண்.

"யாராவது பாத்தாங்களா?"

"நான் பாத்தேன்" என்றேன்.

"நீங்க அப்ப எங்க நின்னீங்க?"

"துப்பாக்கிக்கு இந்தப் பக்கம். கையில பிடிச்சிட்டு."

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். எடுத்தவனே சாட்சிக்கு வந்தது அங்கே அதுதான் முதல் முறையாம். அந்தக் கோடையில் ஒன்பது துப்பாக்கிக்கும் ஒன்பது முறை கை தூக்கினேன். ராண்டலுக்காகவும் போனேன். அவர் என்னோடு பேசாமல் பக்கத்தில் நின்றார். சங்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதைக் கடிதத்தில் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

அக்காவின் துப்பாக்கி தகர டப்பாபோல் கொதிக்கும் ஒரு கண்டெய்னரில் நாலு வருடம் கிடந்து துருவேறிப் போயிருந்தது. குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஹீட்டருக்குப் பின்னால இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன்க்கா."

"புதுசு எதுக்கு? உன் வீட்டுல மூணு இருக்கில்ல? எங்க இருக்குன்னு காட்டு, நான் எடுத்துக்குறேன்."

வீட்டுக்கு வந்தார். ஆர்லீன் அலமாரியைத் திறந்துவிட்டாள். அக்கா மூன்றையும் எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே நல்லதை எடுத்துக்கொண்டு போனார். ஆர்லீன் அதைக் கார்வரை தூக்கிப்போய்க் கொடுத்தாள். இரண்டு பேரும் வழியெல்லாம் சிரித்தார்கள்.

இப்போது எந்த வீட்டுக்கு ஏசி பார்க்கப் போனாலும் பத்து நிமிடம் என்னை வாசலில் நிற்க வைக்கிறார்கள். உள்ளே எதையோ நகர்த்தும் சத்தம் கேட்கும். அப்புறம் "வா வெர்ஜில்" என்பார்கள். நானும் எதுவும் கேட்காத மாதிரி போகிறேன்.

போன மாதம் ஹோல்கம் டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் செய்தது, சொல்லித் திரிந்தது எல்லாவற்றையும் நாலு பக்கத்தில் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நான் எழுதிய கிழமை ஒன்று தப்பாம்; அது செவ்வாய் இல்லை, புதனாம். திருத்தியிருந்தார். அதற்குக் கீழே: "அன்னைக்கு உங்களை மறிச்சப்போ என் ரெண்டு கையும் நடுங்கிட்டே இருந்துச்சு. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் தண்ணிக்குள்ள வெச்சிருந்தேன்."

ஆர்லீன் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தாள். "இவங்களை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு" என்றாள்.

கூப்பிட்டேன். பள்ளி விடுமுறையில் வருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் எங்கள் வீட்டு ஏசியைச் சரி செய்யச் சொல்லி ஆர்லீன் தினமும் திட்டுகிறாள். மூன்று வருடமாக அது ஓடவில்லை.